பாதி இறக்கிய ஷட்டர்

திருவனந்தபுரத்தில், சாலை பஜாரில் மதியம் நாங்கள் கடையை மூடுவதில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவோம். வருகிறவர்கள் குனிந்துதான் வர வேண்டும். பதினெட்டு வருஷம் ஒழுங்காகக் குனிந்த நான், ஒருநாள் ஒரு எட்டு முன்னாலேயே நிமிர்ந்து ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டேன். மூளை அதிர்ந்திருக்கிறது, ஓய்வெடுங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எடுத்தேன். தலைவலி போகவில்லை.

நாலு மாதத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று மூவரும் சந்தோஷமாகச் சொன்னார்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. மூன்றாமவர் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கிருந்த பெண் என் ஃபைலைத் திறக்கவேயில்லை. "சேட்டா, ஒண்ணு வெளியே போயிட்டு வரூ," என்றாள். போய்விட்டு மறுபடி உள்ளே வந்தேன்.

"இவ்வளவு பொக்கம் உள்ள வாசலுக்கு எதுக்கு குனியணும், சேட்டா?"

திரும்பிப் பார்த்தேன். வாசல் என்னைவிட ஒரு முழம் உயரம். அடிபட்ட நாளிலிருந்து எல்லா வாசலிலும் கழுத்தை இறுக்கிக் குனிந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. வலி இப்போது கழுத்திலிருந்துதான் ஏறுகிறது என்றாள்.

மூன்று டாக்டர்களும் என் தலைக்குள் பார்த்தார்கள். நான் அறைக்குள் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.