செலின் அக்காவின் காதில் விழுந்த ‘யா’

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் வண்டிக்காக நின்றிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. பேசியவர் செலின் அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா. காலையில் பால்காரர் வைத்துப்போன பால் வாசலிலேயே இருந்ததாம். “தூக்கத்துலேயே போயிட்டாங்க தாயி. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. போன்ல மொதல்ல உங்க பேருதான் இருந்துச்சு” என்றார்.

செவிலியர் படிப்பில் அக்கா எனக்கு ஓராண்டு மூத்தவர். விடுதியில் அதிகம் பேசமாட்டார். படிப்பு முடிந்து நான் திண்டுக்கல்லிலேயே ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன்; அவர் ஜெர்மனிக்குப் போனார். தகப்பனில்லாத வீடு. தங்கைகள் கல்யாணமாகிப் பிள்ளைகுட்டிகளோடு ஆன பிறகும் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை.

அங்கே நடந்த ஒன்றை என்னிடம் ஒரே முறை முழுதாகச் சொல்லியிருக்கிறார். ஜெர்மன் மொழியில் ‘யா’ என்றால் ஆமாம். இல்லத்துச் சமையல்காரர் ஸ்பெயின்காரர். எதைக் கேட்டாலும் ‘யா, யா’ என்பார். அவர் மொழியில் அதற்கு ‘இதோ, இப்பவே’ என்று பொருள். ஒலி ஒன்று, பிறந்த இடம் வேறு. அக்கா அதைச் சிரித்துப் பழகிக்கொண்டார்.

ஹெலேனா என்ற மூதாட்டியின் ‘யா’வில் சிரிக்க ஒன்றுமில்லை. நினைவு தவறிப்போன அவர் கேட்டதற்கெல்லாம் ‘யா’ என்றார். சூப் போதுமா என்றால் ‘யா’. பாதிக் கிண்ணத்தோடு எடுத்துப் போவார்கள். தொலைவில் வேறொரு இல்லத்துக்கு மாற்றலாமா என்று கேட்டபோதும் ‘யா’. மாற்றுவதென்று முடிவாயிற்று.

ஒவ்வொரு முறையும் அவருடைய கை நெஞ்சுக்குப் போவதை அக்கா கவனித்திருக்கிறார். புதிதாகத் துப்புரவு வேலைக்கு வந்திருந்த போலந்துப் பெண்ணை அழைத்துவந்து கட்டிலருகே உட்கார வைத்தார். அந்தப் பெண் தன் மொழியில் ஏதோ கேட்க, மூதாட்டி வெகுநேரம் பேசினாராம். இளம் வயதில் போலந்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர். நோய் ஜெர்மன் மொழியை அழித்துவிட்டுத் தாய்மொழியை மட்டும் விட்டுவைத்திருந்தது. அந்த மொழியில் ‘யா’ என்றால் நான்.

“ஆமா, ஆமான்னு சொல்றாங்கன்னுதான் நானும் நெனச்சேன். அந்தம்மா நான், நான்னு சொல்லிக்கிட்டு கெடந்திருக்காங்கப்பா” என்றார் அக்கா.

இல்லத் தலைவி முதலில் காதில் வாங்கவில்லை. அக்கா விடாமல் போய் நின்று ஹெலேனாவின் மகனை வரவழைக்கச் செய்தார். தாயின் வாயிலிருந்து அந்த மொழியை மகன் கேட்டது அதுவே முதல் முறை. ‘நான் போகமாட்டேன்’ என்பதைத்தான் அவர் சொல்ல முயன்றிருந்தார். மாற்றம் நின்றது. சாகும்வரை ஹெலேனா அதே ஜன்னலோரத்தில் இருந்தார்.

முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு அக்கா ஊர் திரும்பினார். நாகல் நகரில் ஒரு மாடி வீடு. கடையில் சில்லறை வாங்கும்போதும் வாய் தவறி ‘யா’ என்பார். தெருப் பிள்ளைகள் ‘யா அம்மா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குத் தங்கைகள் போனில் பேசுவார்கள். “அங்க தமிழ் பேச ஆளில்ல. இங்க வந்தா நெனப்பு அந்தப் பாஷையில வருது. எதுலயும் பேசி முடிச்ச மாதிரியே இல்ல” என்று ஒருநாள் சொன்னார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

முடிந்த நாள்களில் பெரியாஸ்பத்திரிக்குப் போய், துணையில்லாத நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர்கள் தலையாட்டினால் எழுந்துவிடமாட்டார். வாய் திறந்து சொல்லும்வரை காத்திருப்பார்.

அடக்கத்துக்குத் தங்கைகள் காரில் வந்து, சாயங்காலத்துக்குள் திரும்பினார்கள். சிறுமலைப் பக்கமிருந்து தூறல் வந்ததும் மற்றவர்களும் கலைந்தார்கள். குழி மூடியவர்கள் குழாயடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஈர மண்ணின்மேல் மல்லிகை நனைந்து ஒட்டிக் கிடந்தது. “போயிட்டு வாரேங்க்கா” என்று வாய்விட்டே சொன்னேன். சற்று நின்றேன். பிறகு வாசல் பக்கம் நடந்தேன்.