அல்ஃபோன்ஸ் கழுவிய பூமி

வியன்னாவின் பத்தாவது வட்டாரத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில், அல்ஃபோன்ஸ் ஹவ்ரானெக் என்ற ரிடையர்டு டிராம் டிரைவர் நாற்பத்துமூன்று பழைய பூகோள உருண்டைகளோடு குடித்தனம் நடத்தினார். கட்டிலில் பெண்டாட்டி படுத்த பக்கத்தில், அவள் கண்ணை மூடிய மறுவருஷமே ஆறு உருண்டைகள் ஏறிவிட்டன. உருண்டைப் பித்து பிடித்தவனுக்கு வெட்கமாவது மண்ணாவது!

இப்போது முட்டி இரண்டும் போய்விட்டன. மகள் ரோஸ்விதா முதியோர் இல்லத்தில் ஓர் அறை பிடித்துவிட்டாள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அங்கே ஓர் உருண்டைக்குத்தான் இடம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மிச்சத்தைப் பழைய சாமான்காரன் அள்ளிக்கொண்டு போவான். ஒன்றிரண்டில் ஓட்டை போட்டு விளக்கு மாட்டினாலும் மாட்டுவார்கள்.

அருங்காட்சியகத்துக்குப் பதினொரு கடிதம் எழுதினார். கடைசியில் அங்கிருந்து டாக்டர் லிண்ட்னர் அம்மாள் போன் செய்தாள். அனுப்பிய படங்களைப் பார்த்தாளாம். அதில் கிராமத்துப் பள்ளிக்கூட உருண்டை ஒன்றை மட்டும் நேரில் பார்க்க வியாழக்கிழமை காலை வருகிறாளாம். அது தேறினால் நாற்பத்துமூன்றையும் பிரிக்காமல் ஒரே அறையில் வைப்பார்களாம். கிழவருக்கு அந்த ஒன்று மட்டும் ஏன் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

அது ஏறக்குறைய இருநூறு வருஷத்து உருண்டை. யாரோ ஒரு வாத்தியார் அதன்மேல் ஏழு துண்டுத்தாள் ஒட்டி, புதிதாகக் கேள்விப்பட்டதையெல்லாம் மையால் எழுதியிருந்தார். ஆப்பிரிக்காவின் நடுவில், 'இங்கே பெரிய ஏரி இருக்கிறதாம்.' ஆஸ்திரேலியாவின் நடுவில், 'உள்ளே போனவர்கள் திரும்பவில்லை.' சுழல்வது நிதானமாக இருக்க உள்ளே வைத்திருந்த ஈயக்குண்டுப் பை எப்போதோ நகர்ந்துவிட்டது. அதனால் எப்படிச் சுழற்றினாலும் ஆடி ஆடி ஆப்பிரிக்காவைக் காட்டித்தான் நிற்கும். காப்பிக் கடையில் கூடும் சேகரிப்பாளர் சங்கத்தில், "என்னப்பா, உன் பூமிக்குப் பிளாஸ்திரி இன்னும் பிரிக்கலையா?" என்று போகோர்னி முப்பது வருஷமாகக் கிண்டலடித்தான்.

சங்கத்தில் எல்லாருக்கும் ஒரே வெறிதான். செய்தவன் கையிலிருந்து எப்படி வந்ததோ, அப்படியே இருக்க வேண்டும். பின்னால் ஒட்டினது, கிறுக்கினது எல்லாம் அழுக்கு. புதன்கிழமை மத்தியானம் அல்ஃபோன்ஸ் அந்தத் துண்டுத்தாள்களைப் பார்த்தார். இந்த அசிங்கத்தை அந்தம்மா நேரில் பார்த்தால் நாற்பத்துமூன்றும் தெருவுக்குத்தான். ஈரத் தாளை மேலே வைத்து, பசை இளகும்வரை காத்திருந்து, எலும்புக் கத்தியால் ஒவ்வொன்றாக உரித்தார். மை கரைந்து ஓடியது. தாள் கூழாகிக் கட்டைவிரலில் திரண்டது. அத்தனையையும் தொட்டியில் கழுவிவிட்டார். கீழே ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆப்பிரிக்காவின் நடு வெள்ளைவெளேர் என்று இருந்தது. பெருமை தாங்காமல் கழுத்துப்பட்டையை அப்போதே இஸ்திரி போட்டு வைத்தார், பாவி மனுஷன்.

மறுநாள் அந்தம்மாள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். காப்பியைத் தொடவில்லை. நேரே உருண்டையிடம் போனாள். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். இன்னொரு சுற்று சுற்றினாள்.

"வாத்தியார் எழுதினதெல்லாம் எங்க, சார்?"

சுத்தம் செய்துவிட்டதாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இதே உருண்டை எங்ககிட்ட ஏழு இருக்கு, சார். எல்லாம் சுத்தமா இருக்கு," என்றாள்.

"எனக்கு அந்த ஏழு துண்டுத்தாளும் மனப்பாடம், டாக்டரம்மா. ஒரு எழுத்து பிசகாது. அதே மாதிரி பழைய தாள்ல எழுதி ஒட்டித் தந்துடறேன். சாயங்காலத்துக்குள்ள. இல்ல, மத்தியானத்துக்குள்ள."

"வேண்டாம், சார்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

மாதக் கடைசியில் பழைய சாமான்காரன் நாற்பத்திரண்டையும் அட்டைப்பெட்டிகளில் போட்டு நாலு மாடி இறக்கினான். எதை எடுத்து வைக்கட்டும் என்று ரோஸ்விதா கேட்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது இதுதானே என்று அவளே தூக்கி வந்து இல்லத்தில் கட்டிலுக்கு எதிரே வைத்தாள்.

அவர் அதைத் தினம் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறார். கையை எடுத்ததும் அது மெல்ல ஆடிச் சுழன்று வந்து, அந்த வெள்ளை இடத்தை அவருக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது.