மூன்றாம் நாள் பேசிய வசனம்

‘வியாழன், காலை 7.10. அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. தெளிவாகப் பேசுகிறார். நான்கு பக்க வசனம். இரண்டு இடத்தில்தான் எடுத்துக்கொடுத்தேன்.’

விருத்தாசலத்தில் அப்பாவைச் சேர்த்திருந்த மருத்துவமனையில் நான் எழுதிய குறிப்பு இது. இதில் ‘தெளிவாக’ என்ற சொல் தவறு.

அப்பா ஒரு காலத்தில் ராஜபார்ட் நடிகர். நாடகங்கள் நின்றபின் குடிதான் மிஞ்சியது. அந்த வாரம் செவ்வாயன்று வேப்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து கால் முறிந்தது. சேர்க்கும்போது மருத்துவர், “தினமும் குடிப்பாரா?” என்று கேட்டார். வார்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. “எப்பயாச்சும்ங்க” என்றேன்.

வியாழனன்று அப்பா எழுந்து உட்கார்ந்தார். குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியைப் பார்த்து, “மந்திரி, ஏன் தலைகுனிந்து நிற்கிறாய்?” என்று தொடங்கினார். கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது. மேடையிலும் அவருக்கு அப்படித்தான் வேர்க்கும். சிறுமியாக இருந்தபோது திரைக்குப் பின்னால் நோட்டோடு நின்று அவருக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவள் நான். போதை இறங்கிப் பழைய அப்பா வந்துவிட்டார் என்றே நம்பினேன். அவர் தடுமாறியபோது அடுத்த வரியைச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார்.

மருத்துவர் வந்து அப்பாவின் நாடியைப் பிடித்தார்.

“எவ்ளோ நேரமா இப்பிடிப் பேசறாரு?”

“அரை மணியா இருக்கும்ங்க. நல்லா பேசறாருங்க.”

“அவரு நடிக்கலம்மா. இப்பவாச்சும் சொல்லுங்க, தினமும் குடிப்பாரா?”

“தினமும்ங்க. காலையிலேர்ந்தே.”

டெலிரியம் ட்ரெமென்ஸ் (தினமும் குடிப்பவர் சட்டென நிறுத்தும்போது வரும் நடுக்கமும் மனக்குழப்பமும்) என்றார். வலிப்பு வந்து உயிரே போயிருக்கலாமாம். உடனே ஊசி போட்டார்கள். ஞாயிறன்று அப்பா என்னை அடையாளம் கண்டு, “கம்பெனிக்குப் போவலியா நீ?” என்றார். நான் பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறேன். அழுதுவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், மருத்துவரிடம் குடியை மறைக்காதீர்கள். மருத்துவர் துணையில்லாமல் திடீரென நிறுத்தவும் வைக்காதீர்கள்.

ஏழு மாதமாகிறது. அப்பா மாத்திரை சாப்பிடுகிறார், டீ டம்ளரை ஒரே கையால் பிடிக்கிறார். முன்பெல்லாம் மாலை ஆறு மணிக்கு வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் என் தோள்கள் இறுகிக்கொள்ளும். அது எந்தத் தேதியில் நின்றது என்று எனக்கே தெரியவில்லை. மாலை ஆறு மணி இப்போது வெறும் ஆறு மணிதான்.

போன வாரம் மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகப் போய்வந்தார்.

“மோரு மட்டுந்தாம்மா குடிச்சேன். வேணும்னா வாய மோந்து பாரு.”

“கைகால் கழுவிட்டு வாப்பா, சோறு போடறேன்” என்றேன்.

மோர் மட்டும்தானா என்பதை நான் சரிபார்க்கவில்லை.