என்னை ஏன் ஞானத்தாயாக்கினார்கள்

2008இல் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பும் நேரம். சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாகச் சொல்லப்பட்ட எதிர்வீட்டுக்காரர் கீழே நின்று மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் ஜன்னலோரம் இருந்த என்னைப் பார்த்தார். முன்சீட்டில் இருந்த எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரையும் பார்த்தார். சட்டென்று கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்.

மறுநாளே அவர் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள்.

"அக்கா, பாப்பாவுக்கு ஞானஸ்நானம் வச்சிருக்கோம். ஞானத்தாயா நீங்கதான் நிக்கணும். அவுங்க சிங்கப்பூர்லேருந்து போன் பண்ணி கண்டிப்பா சொல்லிட்டாங்க."

என்னைப் பார்த்து ஒரு தரம்கூடச் சிரித்திராத மனிதர்!

அந்த வாரம் வகுப்புக்காக அகராதியைப் புரட்டியபோது 'காசிப்' என்ற சொல் கண்ணில் பட்டது. வம்புப் பேச்சைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஆதியில் ஞானப்பெற்றோர் என்றுதான் பொருளாம். பிறகு பிரசவ வீட்டில் கூடும் நெருங்கிய தோழிகள், அதற்கும் பிறகு அவர்கள் பேசும் பேச்சு என்று கீழே இறங்கி வந்ததாம். எதிர்வீட்டுக்காரர் ஒரே போனில் அதைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டார். வம்பு பேசுகிறவளை ஞானத்தாயாக்கிவிட்டால், அந்தக் குழந்தையின் அப்பாவைப் பற்றி அவள் எப்படி வாய் திறப்பாள்?

இருந்தாலும் என் புத்திதான் கோணலோ என்று யோசித்தபடியே மாதா கோயிலுக்குப் போனேன். ஞானத்தந்தையாக, புது வேட்டியில், மருந்துக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.