கிணற்றோர மாமரம்

சொந்தப் பெயர் மறைந்தே போய்விட்டது அவளுக்கு. தோட்டத்தில் 'காதுக்கார அக்கா' என்றால்தான் தெரியும். மாமரத்துத் தண்டில் காதை வைத்தே, உள்ளே புழு அரிக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். துளைக்குள் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி இழுத்து, மருந்தில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் பூசிவிடுவாள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை.

அந்தக் கோடையில் கிணற்றோர மரம் கிளை கொள்ளாமல் காய்த்திருந்தது. தண்டில் ஒரு துளை இல்லை, ஒரு சிட்டிகை மரத்தூள்கூட இல்லை. ஆனால் காதை வைத்ததும் அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. ஒன்றிரண்டு புழு அரிக்கிற சத்தமா அது? ஒரு ஊரே உட்கார்ந்து மெல்லுகிற சத்தம்.

முதலாளியிடம் ஓடினாள்.

"இவ்வளவு காய்ச்சு நிக்கிற மரத்துக்கா நோய்? உன் காதுலதான் வண்டு பூந்துடுச்சு போல," என்று சிரித்தார் அவர்.

அந்த மரத்து நிழலில்தான் அவள் நாத்தனார் பழம் தரம் பிரிப்பாள்.

"எழுந்து கொட்டகைக்கு வா."

"அங்க தகரம் கொதிக்குது அண்ணி. நான் வரல."

"வான்னா வா!" முக்காலியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். நாத்தனார் முணுமுணுத்தபடி பின்னால் வந்தாள். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலாம் நாள் உச்சிவேளை. ஒரு இலை அசையவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் அத்தனை காயோடும் மெல்லச் சாய்ந்து, நாத்தனார் வழக்கமாக உட்காரும் இடத்தில் விழுந்தது.

"அண்ணி..." என்றாள் நாத்தனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிளந்த தண்டுக்குள் விரல் பருமனில் எண்ண முடியாத சுரங்கங்கள். புழு இல்லை, வண்டு இல்லை. துடைத்து வைத்த மாதிரி சுத்தம்.

"எல்லாம் எங்க போச்சு?" என்றார் முதலாளி. "மத்த மரத்தையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லும்மா." அவர் குரல் இறங்கியிருந்தது.

பக்கத்து மரத்தில் காதை வைத்தாள். அதே மெல்லும் சத்தம். பயத்தில் மூச்சைப் பிடித்தாள். உள்ளேயும் நின்றது. மூச்சை விட்டாள். உள்ளேயும் தொடங்கியது.

பொழுது சாய்வதற்குள் பதினோரு மரங்களில் சுண்ணாம்புக் குறி போட்டாள். அத்தனையையும் வெட்டினார்கள். ஒவ்வொன்றும் உள்ளே வெறும் கூடு. ஒரு புழுகூட அகப்படவில்லை.

வேலையை அவள் விடவில்லை. தனியாகப் போவதை மட்டும் விட்டுவிட்டாள். நாத்தனார் ஓயாமல் கதை பேசிக்கொண்டு கூடவே வருகிறாள். அண்ணி தண்டில் காதை வைக்கும்போது மட்டும் அந்த வாயும் மூடிக்கொள்ளும்.