துபாய் வரைக்கும் முழிக்க மாட்டான்

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல நிலோபருக்கு வராது. பிறந்ததிலிருந்தே அப்படியில்லை, படித்த பிறகு வந்த கோளாறு. திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரில், துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டி ஊர் ஊராக விற்ற பீர் மைதீனின் மகள் அவள். தினமும் இரண்டு பஸ் மாறி அருப்புக்கோட்டைக்குப் போய் பி.எஸ்சி. கணக்கு முடித்தாள். அந்தத் தெருவுக்கு முதல் டிகிரி. அன்றிலிருந்து ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதா, ஆதாரில் பிறந்த தேதி மாற்றுவதா, ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் என்ன கிறுக்கியிருக்கிறார் என்று பார்ப்பதா, எல்லாம் அவளிடம் வந்தது. "பீர் மைதீன் மககிட்டக் கேளு, அது படிச்ச புள்ள" என்பார்கள். படிச்ச புள்ள தெரியாததற்கும் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, உள்ளே போய்ப் போனில் தேடிப் பார்த்து வந்து சொல்லும்.

சபீரைக் கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்த பிறகும் இதே கதைதான். சபீர் துபாயில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். போன வருஷம் சூப்பர்வைசர் ஆனதும் குடும்ப விசாவுக்கு எழுதிப் போட்டு, இந்த மாசிக்கு வந்து சேர்ந்தது. டிக்கெட் போட்டதும் நிலோபர்தான். இருப்பதிலேயே குறைந்த விலை விமானம். சாப்பாடு கிடையாது, கைப்பைக்கு ஏழு கிலோ, ஒன்றேகால் வயசு முஸாஃபருக்குத் தனி சீட்டு இல்லை, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு வயசு அஸ்பியாவுக்கு மட்டும் பக்கத்தில் சீட்டு.

"நீ ஒத்தையா ரெண்டையும் வச்சுச் சமாளிச்சிருவியா?" என்று கேட்டாள் ஆசியா. சபீரின் அக்கா. சவூதியில், தம்மாமில் ஆறு வருஷம் இருந்து வந்தவள் என்பதால் வெளிநாட்டுச் சமாச்சாரத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"சமாளிச்சிருவேன் மதினி."

"நல்லாச் சமாளிச்ச. மூத்தவனைக் கூட்டிக்கிட்டு முத வாட்டி தம்மாம் போனப்ப அவன் கத்துன கத்துல, முன்சீட்டுக்காரன் எந்திரிச்சு நின்னு, 'ஏம்மா, இது புள்ளையா மில்லு சங்கா'ன்னு கேட்டுட்டான். அடுத்த வாட்டி சளி மருந்து ஒரு மூடி ஊத்துனேன். அடிச்சுப் போட்ட மாதிரி கெடந்தான். எல்லாரும் செய்யறதுதான்."

"சளியில்லாத புள்ளைக்குச் சளி மருந்தா? டாக்டர்கிட்டக் கேக்காமக் குடுக்கக் கூடாது மதினி."

"சரிம்மா. டிகிரி சொன்னாச் சரிதான்."

அந்தச் சொல் நிலோபருக்குள் முள்ளாகக் கிடந்தது. டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால் மதுரைக்குப் பஸ்ஸில் போனபோது, முஸாஃபர் ஊரை விட்டதுமே பாலையம்பட்டியில் ஆரம்பித்த அழுகையை மாட்டுத்தாவணியில்தான் நிறுத்தினான். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மறுநாள் அவள் மருந்துக் கடைக்குப் போய், "பிள்ளைக்குச் சளி" என்று பொய் சொல்லி ஒரு பாட்டில் வாங்கினாள். யார் கண்ணிலும் படாமல் டயப்பர்களுக்கு அடியில் வைத்தாள். வேண்டாம் என்று வாதாடிய வாயை வைத்துக்கொண்டு ஆசியா முன்னால் அதை எடுக்க முடியுமா?

புறப்பட்ட காலையில் கார் நிறைய ஆட்கள். நிலோபர் பாஸ்போர்ட்டு, விசா, டிக்கெட்டு எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, இருக்கிறதா இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே வந்தாள். முஸாஃபர் பின்னால் ஆசியாவின் மடியில். விமான நிலையத்தில் இறங்கும்போது அவன் சொக்கிப் போயிருந்தான். ஏசிக் காற்றுக்கு அசந்திருப்பான் என்று நினைத்தாள்.

உள்ளே சோதனையிடும் இடத்தில் பெல்ட்டில் போட அவன் ரப்பர் யானையைப் பிடுங்கியதும் முழித்துக்கொண்டு சிணுங்கினான். சிணுங்கல் அழுகையாகும் முன் அவனைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென நடந்தாள். கேட்டுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து ஒரு மூடி ஊற்றிவிட்டாள். இனிப்பாக இருந்ததால் அவன் உதட்டை நக்கிக்கொண்டான்.

விமானத்தில் அஸ்பியாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தான் நடுவில் உட்கார்ந்தாள். நடைபாதை ஓரத்தில் ஒரு இளவட்டம். அவனும் அருப்புக்கோட்டைதானாம், பேர் கார்த்தீஸ்வரன், தறி வீட்டுப் பிள்ளை, எலக்ட்ரீசியன் வேலைக்கு முதல் தடவையாகப் போகிறான். பெல்ட்டை எப்படிப் போடுவதென்று அவளிடம்தான் கேட்டான். அவளுக்கும் அது முதல் தடவை. தெரிந்த மாதிரி மாட்டிக் காட்டினாள்.

"ம்மா, மேல போனதும் அத்தா தெரிவாகளா?" என்றாள் அஸ்பியா.

"தெரிவாக, சும்மா இரு."

கதவைச் சாத்திவிட்டார்கள். போனை அணைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. அணைக்கப் போனபோது ஆசியாவிடமிருந்து குரல் செய்தி. காதோடு வைத்துக் கேட்டாள்.

"நிலோ, கோவிச்சுக்கிறாத. காரியாபட்டி தாண்டுனதும் நானே அவனுக்குச் சளி மருந்து ஒரு மூடி குடுத்துட்டேன். கேட்டா வேணாம்பே, அதான் சொல்லல. நிம்மதியாப் போ. துபாய் வரைக்கும் முழிக்க மாட்டான்."

பாட்டிலை எடுத்து முதல் தடவையாக அந்தப் பொடி எழுத்தைப் படித்தாள். இரண்டு வயசுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் தரக்கூடாது என்று போட்டிருந்தது. இரண்டு மூடி. முஸாஃபரின் தலை அவள் முழங்கையில் துவண்டு கிடந்தது.

விமானம் நகர ஆரம்பித்தது. இப்போது கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள். இறக்கிவிடுவார்கள். காரில் வழியனுப்ப வந்த கூட்டம் ஓடி வரும். மருந்து பையில் எப்படி வந்தது என்று ஆசியா கேட்பாள். ஒன்றுமில்லாமல் தூங்குகிறவனுக்காக இத்தனையும் நடந்தால்? ஒன்றுமிருந்தால்? மூச்சு வருகிறதே. வருகிறதா? மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். விமானம் ஓடி, எழும்பி, கீழே கண்மாய்கள் வட்டில்களாகச் சுருங்கும் வரை அவள் கையைத் தூக்கவில்லை.

"யக்கா, குடுத்து வச்சவுக நீங்க" என்றான் கார்த்தீஸ்வரன். "இந்தச் சத்தத்துக்கும் முழிக்கலையே. எங்க வீட்டுல தறிச் சத்தத்துல பொறந்த புள்ளைகதான் இப்பிடித் தூங்கும்."

அவள் முஸாஃபரின் பாதத்தைச் சுண்டினாள். கால் லேசாக இழுத்துக்கொண்டது, கண் திறக்கவில்லை. இன்னொரு முறை சுண்டினாள். அவ்வளவுதான். தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினாள்.

வந்த பணிப்பெண்ணின் சட்டையில் தேவிபிரியா என்று பேர் இருந்தது. "தண்ணி வேணுமா மேடம்?"

"புள்ளைக்குச் சளி மருந்து குடுத்துட்டோம். ரெண்டு தடவ. சளிக்கில்ல, தூங்க வைக்க." பாட்டிலை நீட்டினாள். "எவ்வளவு குடுக்கலாம்னு எனக்குத் தெரியாது."

தேவிபிரியா திட்டவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். யாரும் எழவில்லை. எல்லாத் தலைகளும் மட்டும் திரும்பின. கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்து குனிந்தாள்.

"கீழ இருக்கற டாக்டர்கிட்ட கேப்டன் பேசினாரு. தலை தொங்காம நிமித்திப் பிடிங்க. வாயில எதுவும் குடுக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பாருங்க. மூச்சை ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க. இருபதுக்குக் கீழ போனா உடனே கூப்பிடுங்க. கொச்சியில இறக்கலாம்."

"கொச்சியத் தாண்டிட்டா?"

"அப்புறம் கடல்தான் மேடம். அதுக்குள்ள எண்ணிடுவோம்."

கார்த்தீஸ்வரன் போனில் நேரம் பார்த்தான், அவள் எண்ணினாள். இருபத்தாறு. ஐந்து நிமிஷம் கழித்து இருபத்தைந்து. அப்புறம் இருபத்துமூன்று. கணக்குப் படித்தவளுக்கு அடுத்த எண் தானாக மனசில் வந்து நின்றது. அதற்கடுத்ததும் வந்தது. வேண்டாம் என்று தலையை உதறினாள். நாலாவது தடவையும் இருபத்துமூன்றே வந்தது. உதடு சிவப்பாகத்தான் இருக்கிறது என்று தேவிபிரியா கேப்டனிடம் சொல்லப் போனாள். விமானம் திரும்பவில்லை. ஜன்னலில் தரை முடிந்து நீலம் வந்தது.

எழுப்ப வேண்டும். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். காது மடலைத் திருகினாள். அவன் முகம் சுளித்து, பாதிக் கண் திறந்து, மறுபடி மூடினான்.

"ம்மா, தம்பி தூங்கட்டும்மா. ஏம்மா கிள்ளுற?" அஸ்பியா அழுதுவிட்டாள்.

"ஏம்மா, தூங்குற புள்ளையப் போட்டு இப்பிடிப் படுத்துற?" என்றாள் பின்சீட்டுப் பெண். "எல்லாரும் புள்ள தூங்காதான்னு கெடக்காக, நீ என்னடான்னா!"

"நீங்க சித்தச் சும்மா இருங்கம்மா" என்றான் கார்த்தீஸ்வரன். அஸ்பியாவைத் தன் பக்கம் தூக்கி உட்காரவைத்து, ரப்பர் யானையைப் பேச வைத்தான். யானை அவன் தறி வீட்டில் பேசும் தெலுங்கில் பேசியது. அஸ்பியாவுக்கு ஒரு சொல் புரியவில்லை, ஆனாலும் அழுகை நின்றது.

கடலுக்கு மேலே இருபத்திரண்டு. இருபத்தொன்று. அவள் உள்ளங்கை வேர்த்து அவன் சட்டையெல்லாம் ஈரமானது. உட்கார முடியவில்லை, எழுந்து நடக்கவும் இடமில்லை. என்ன படித்தேன், இந்தப் பொடி எழுத்தைப் படிக்கக் கூடவா படிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டாள். ஆசியா மேல் கோபம் வந்தது. அவளும் நானும் ஒரே காரியத்தைத்தானே திருட்டுத்தனமாகச் செய்தோம் என்று அந்தக் கோபம் பாதியில் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. மறுபடி எண்ணினாள். இருபத்தொன்று. மறுபடி. இருபத்திரண்டு.

விமானம் இறங்கத் தொடங்கியபோது அவளுக்குக் காது அடைத்தது. பெரியவர்கள் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். முஸாஃபரின் கை மெல்ல மேலே வந்து காதைப் பிடித்தது. முகம் கோணியது. வாய் திறந்து, சத்தமில்லாமல் அப்படியே நின்றது. பிறகு அவன் வீறிட்டான். பால் வாடையும் மருந்து வாடையுமாக அவள் மடியில் கக்கினான், மறுபடி வீறிட்டான். முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். யாரோ உச்சுக்கொட்டினார்கள். நிலோபர் அவன் முதுகைத் தட்டவில்லை, ஆட்டவில்லை. அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது முழுசாகத் திறந்திருந்தது, அவளை அடையாளம் தெரிந்து அவள் மேலேயே கோபப்பட்டது.

இறங்கியதும் வாசலிலேயே சக்கர நாற்காலியோடு ஆள் நின்றது. விமான நிலையத்துக் கிளினிக்கில் ஒரு மலையாளி நர்ஸ் அவன் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினாள், டாக்டர் அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இப்போதைக்குப் பயமில்லை, இரண்டு மணி நேரம் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். கிளிப்பைப் பிடுங்கப் பார்த்து அவன் அழுதுகொண்டேயிருந்தான். போனை ஆன் பண்ணியதும் சபீர் அழைத்தான்.

"எங்க இருக்க? எல்லாரும் வெளிய வந்துட்டாக. பெட்டி வரலையா?"

ஆமாம் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது.

"பெட்டியப் பாக்கல. நாங்க இங்க ஆஸ்பத்திரி ரூம்ல இருக்கோம். புள்ள நல்லா இருக்கான். நான் செஞ்ச காரியம் ஒண்ணு, முழுசாச் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க."

"என்னது? ஏன் இப்பிடிக் கத்துறான்? கேக்கவே முடியலையே. பாலோ பிஸ்கட்டோ ஏதாச்சும் வாயில குடு, அமத்து."

"ஒண்ணும் குடுக்க மாட்டேன்" என்றாள் நிலோபர். "அழட்டும்."