சகலனின் பிஸ்டல்

சகலன் கிறிஸ்துராஜாவிடம் அருள்நேசன் பொறாமைப்பட எத்தனையோ இருந்தன: லண்டன் விம்பிள்டனில் சொந்த வீடு, வங்கி வேலை, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமல் போனது, மாடிப்படிக்குக் கீழே சுவரோடு பூட்டியிருந்த இரும்புப் பெட்டியும் அதற்குள் இருந்த பிஸ்டலும்தான்.

கிறிஸ்துராஜா எழுபதுகளில் படிக்க வந்தவர். சனிக்கிழமைகளில் துப்பாக்கிச் சுடும் கழகத்தில் வெள்ளைக்காரர்களோடு நின்று காகித வட்டத்தைச் சுடுவார். நடுவில் துளைபட்ட ஒரு தாளைச் சட்டம் போட்டு, திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது பொலிஸ் வீட்டுக்கே வந்து பெட்டியைச் சோதித்துவிட்டுப் போகும். அருள்நேசனோ மன்னாரிலிருந்து அகதியாக வந்து, ஸ்ட்ரெதமில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்பவன். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. மாதாமாதம் அவன்தான் குடிவரவு அதிகாரிகளிடம் போய்க் கையெழுத்து வைத்துவர வேண்டும்.

"வந்த பொலிசுக்கு அக்கா பற்றீசும் தேத்தண்ணியும் குடுத்தவவாம். அத்தானை 'சேர்' எண்டு கூப்பிட்டவங்களாம்," என்று மனைவி றோஸ்மலர் சொன்ன நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"எங்கட ஊரிலை வீட்டுக்கை துவக்கு இருந்தா சேர் எண்டோ கூப்பிடுவாங்கள்?"

"அதுக்கு அத்தான் என்ன செய்யிறது? உங்களுக்கு எரியுது."

எரிந்ததுதான்.

1996 மார்ச்சில் ஸ்கொட்லாந்தில் ஒருவன் லைசென்ஸ் உள்ள கைத்துப்பாக்கிகளோடு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து சின்னப் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றான். அருள்நேசன் உண்மையாகவே அழுதான். அவனுக்கும் அந்த வயதில் ஒரு மகள். ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு அந்த இரும்புப் பெட்டியை நினைத்தான். கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்யக் கேட்கும் மனு அவர்கள் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் கோவிலுக்கு வந்தபோது, பேனாவோடு முன்னுக்குப் போய் அதை வாங்கிச் சனத்திடம் கையெழுத்துச் சேர்த்தவன் அவன்தான். ஒருமுறையாவது சகலன் சனத்துக்கு முன்னால் முழிப்பதை றோஸ்மலர் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் எல்லோரும் வடைக்கு நெருக்குப்படும் நேரம் பார்த்துக் கிறிஸ்துராஜாவை மறித்தான்.

"அண்ணை, துவக்குகளைத் தடைசெய்யச் சொல்லிக் கேக்கிறம். உங்களாலை இதிலை கையெழுத்து வைக்க ஏலாதுதானே?"

வேண்டுமென்றே உரத்துக் கேட்டான். மண்டபம் திரும்பியது. கிறிஸ்துராஜா கண்ணாடியைப் போட்டு மனுவை ஆறுதலாக வாசித்தார்.

"எங்கட கழகத்திலை எல்லாரும் கொதிச்சுப்போய் நிக்கினம். ஒருத்தன் செய்ததுக்கு எங்களை ஏன் தண்டிக்கிறியள், இது எங்கட உரிமை எண்டு. நானும் முதலிலை அப்பிடித்தான் கதைச்சனான். பிறகு சுவரிலை அந்தத் துளைபட்ட தாளைப் பாக்க ஏலாமல் போச்சு. கழட்டிப்போட்டன். தாரும் பேனாவை."

கையெழுத்து வைத்தார். யாரோ கைதட்டினார்கள்.

"வைச்சிருக்கிறவர் விடுறதெல்லோ பெரிய விசயம்!" என்றார் வடை பரிமாறிக்கொண்டிருந்த டொலறஸ் ரீச்சர். றோஸ்மலர் அத்தானைப் பெருமையோடு பார்த்தாள். இந்தப் புகழும் அவருக்கே போயிற்று.

கிறிஸ்துராஜா மனுவைத் திருப்பித் தரவில்லை. மேலும் கீழும் தேடினார்.

"உம்மட பேரைக் காணேல்லை, தம்பி?"

வழக்கு முடியும்வரை அரசாங்கத்துக்குப் போகும் எந்தத் தாளிலும் தேவையில்லாமல் பேர் வராமல் பார்த்துக்கொள்வது அவனைப் போன்றவர்களின் பழக்கம். எல்லோரிடமும் வாங்கியவன் தான் மட்டும் வைக்கவில்லை.

"கேஸ் நடக்குதண்ணை..."

"மற்றாக்களை மட்டும் மாட்டிவிடலாமோ?" என்றாள் றோஸ்மலர். மண்டபம் சிரித்தது.

கிறிஸ்துராஜா சிரிக்கவில்லை. "இதுக்கெல்லாம் ஒருத்தரும் ஊருக்குத் திருப்பி அனுப்பமாட்டினம். பயப்பிடாமல் வையும்," என்று பேனாவை நீட்டினார். அந்தக் கனிவுதான் அவனை அதிகம் எரித்தது. சகலனின் பேருக்குக் கீழே, அவருடையதைவிடப் பெரிய எழுத்தில் தன் பேரைப் போட்டான்.

அடுத்த வருடம் சட்டம் வந்தது. பிஸ்டல் பொலிசுக்குப் போனது. அருள்நேசன் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தான்.

"அந்த இரும்புப் பெட்டி சும்மா கிடக்கேல்லையப்பா," என்றாள் றோஸ்மலர், சோற்றைப் போட்டபடி. "அக்கா இப்ப தன்ரை நகையெல்லாம் அதுக்கைதான் வைக்கிறா. அத்தான் புதுசா ஒரு அட்டியலும் வாங்கிக் குடுத்திருக்கிறார்."

அன்றைக்கும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.